ஏழாவது கேள்வி

போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு கருத்துக்கணிப்பு ஓடியது. ‘பெரும்பாலான மக்கள் திருப்தி’ என்று வாசித்தார்கள். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இந்த வயதிலும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சாப்பிட முடிவதில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் இதற்குத் தீனி போட்டவள்தான். கல்லூரி முடித்துவிட்டுக் காட்பாடியில் வீட்டோடு கிடந்தபோது, ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. கையில் கிளிப் அட்டை, பென்சில், கழுத்தில் அடையாள அட்டை. பெரிய அதிகாரி என்று நினைப்பு. ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாடை முகத்தில் அறைய, அந்தப் பெரிய அதிகாரி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்த வாடையை நினைத்தாலே தோல் கழிவு கலந்து மஞ்சளித்த தண்ணீர்க் குடங்கள்தான் கண்முன் வருகின்றன. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் வாசலுக்கு வாசல் அவை இருந்தன. குடிநீர் எப்படி என்பது என் ஏழாவது கேள்வி. குடத்தைப் பார்த்துக்கொண்டே எல்லோரும், “நல்லாத்தான் கீதும்மா” என்றார்கள்.

கடைசி வீட்டில் ரோஸி அக்கா. ஷூ கம்பெனியில் தையல் வேலை. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“நெஜத்தச் சொன்னா எழுதுவியா?”

“எழுதுவேன்க்கா.”

“தண்ணிய வாயில வைக்க முடியல. என் பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் சொறி. கேக்கப் போனா வூட்டக் காலி பண்ணுன்றாங்க. எழுதிக்கோ.”

‘மிக மோசம்’ என்பதில் வட்டம் போட்டேன். அன்று நான் கேட்ட முதல் உண்மை அது. படிவத்தின் தலைப்பில் அவர் பெயரும் கதவு எண்ணும் இருந்தன.

வெளியே வந்தால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி மேஸ்திரி. அந்த வீடுகளில் ஆள் வைப்பதும் கிளப்புவதும் அவர்தான். கூட இரண்டு பேர்.

“இன்னா எழுதின? காட்டு.”

“வெளியாளுக்குக் காட்டக் கூடாது சார்...” பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முடித்த படிவங்களின் கட்டைப் பிடுங்கி, தாள் தாளாகப் புரட்டத் தொடங்கினார். ரோஸி அக்காவின் படிவம் மட்டும் என் கிளிப் அட்டையில் இருந்தது. அவர் கதவிடுக்கில் நிற்பதும் தெரிந்தது.

துப்பட்டா மறைவில், பென்சில் நுனி ரப்பரால் அந்த வட்டத்தை அழித்தேன். ‘மிக நன்று’ என்பதில் வட்டம் போட்டேன். அவசரத்தில் அது கோழிமுட்டை மாதிரி வந்தது.

மேஸ்திரி அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் சொல்லிக்கீறாங்க. போம்மா, பஸ் வர்ற நேரம்” என்று சிரித்தார்.

தெருமுனைக்கு ரோஸி அக்கா ஓடி வந்தார். “நான் சொன்னத அவன் பாக்கலியே?”

“பாக்கலக்கா.”

“அப்டியே கீதுல்ல?”

“இருக்குதுக்கா.”

என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திருத்தியிருக்கலாம். காட்பாடி வரை பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக வந்தேன். அந்தத் தாள் நாளை யார் கைக்குப் போகுமோ, மேஸ்திரியின் காதுக்கு எட்டுமோ என்ற பயம். திருத்தவில்லை.

அந்தப் பகுதி மக்கள் குடிநீரில் திருப்தி என்றுதான் அறிக்கை வந்தது. பிறகு லைன் வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டினார்கள். ரோஸி அக்கா நாட்றம்பள்ளிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. நிறுவனத்தில் பழைய படிவங்களையும் எரித்துவிட்டார்கள். அவை எரிவதற்கு வெகு முன்பே, ரோஸி அக்கா சொன்னதை நான் அழித்துவிட்டிருந்தேன்.