கழுதையின் தோளில் ரெட்டை அன்னம்

ஆரணிக்குப் பலரும் பட்டு வாங்கப் போவார்கள். நான் போனது என் மேலதிகாரியைக் கழுதையாகப் பார்க்க. 1982 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை.

எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை இரண்டு முறை தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தவர் அவர். வேலூரில் எங்கள் அலுவலக வாசல் நடைபாதையில் கலர் சாக்பீஸால் சாமிப் படம் வரையும் மாசிலாமணிக்கும் அவர்மேல் கோபம். அவன் வரைந்து முடித்த முருகன்மேல் ஆளை விட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறார். "ஆரணியில மச்சான் அரிசி மில்லுல மூணு நாளு படம் வெக்கிறேன் சார். கிண்டல் படம். உங்க ஆபீசரும் கீறாரு" என்றான். உடனே கிளம்ப முடிவு செய்தேன்.

வேலூரிலிருந்து ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்குப் பேருந்து, கட்டணம் மூன்று ரூபாய் இருபது காசு. கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்துவார்கள். ஓட்டுநர் மேல் ஒரு கண் இருக்கட்டும், அவர் யாருக்கும் காத்திருப்பதில்லை. ஒன்பது மணிக்கு இறங்கி, ஒன்றரை ரூபாய் கொடுத்து ரிக்‌ஷாவில் மில்லுக்குப் போனேன். நடக்கிற தூரம்தான் என்பது திரும்பும்போது தெரிந்தது.

மில் சுவரில் சாக்குத்துணியில் வரைந்த படங்கள். வாய்க்குப் பூட்டுப் போட்ட மேடைப் பேச்சாளர், ரேஷன் கடைத் தராசில் உட்கார்ந்த பெருச்சாளி. அவற்றின் முன்னால் ஆளில்லை. கூட்டமெல்லாம் ஒரே படத்தின் முன்னால். நாற்காலியில் ஒரு கழுதை. அதே மூக்குக்கண்ணாடி, அதே நடுவகிடு, தோளில் மரியாதைக்குப் போர்த்திய பட்டு. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் இவர்களுக்கு எங்கள் அதிகாரியை எப்படித் தெரியும்?

பக்கத்தில் நின்ற நெசவாளியைக் கேட்டேன்.

"பட்டோட கரையப் பாருங்க சார். ரெட்டை அன்னம். நம்ம தணிகாசலம் மொதலாளி வூட்டுக் கரை. வேற யாரும் போட மாட்டாங்க."

"முகத்தைப் பார்க்கலையா?"

"கழுத மூஞ்சில இன்னா சார் பாக்கறது?"

இந்த ஊரில் ஒவ்வொரு பட்டு முதலாளிக்கும் ஒரு கரை உண்டாம். அதை வைத்தே யாருடைய தறியில் நெய்தது என்று சொல்லிவிடுகிறார்கள். வெளியூர்க்காரனான மாசிலாமணி, கடையில் தொங்கிய சேலையில் அன்னங்கள் அழகாக இருந்ததால் அப்படியே வரைந்திருக்கிறான்.

சற்று நேரத்தில் தணிகாசலமே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், படத்தருகே நின்ற மாசிலாமணியிடம் நேராகப் போனார்.

"சாயங்காலம் எம் பொண்ணப் பாக்க வந்தவாசியிலர்ந்து வந்துகினு கீறாங்க. அவங்களும் பட்டு யாவாரம். இத்தப் பாத்தா சம்பந்தம் பண்ணுவாங்களா? நான் உனுக்கு இன்னாய்யா செஞ்சேன்?"

"சத்தியமா நீங்க இல்லீங்க. இது இந்த சாரோட ஆபீசரு. சார், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் பேச்சு திங்கட்கிழமைக்குள் அலுவலகம் வரை போய்விடலாம், வேலைக்கே வேட்டு. இருந்தும் அதிகாரியின் பெயரையும் பதவியையும் உரக்கச் சொன்னேன்.

"உங்க ஆபீசருக்கு எதுக்குய்யா இவரு கரை?" என்றது ஒரு குரல்.

"மொதலாளி இட்டாந்த சாட்சிடா" என்றது இன்னொன்று. சிரிப்பு இரட்டிப்பானது.

மாசிலாமணி சுண்ணாம்புத் தூரிகையை எடுத்து, அன்னங்கள்மேல் ஒரே இழுப்பாக இழுத்தான். கரை வெள்ளையானது.

"இப்ப இது யாரு?"

"யாரும் இல்ல, கழுத. வாடி, ஜல்தி, வேலை கீது" என்று ஒருத்தி தோழியை இழுத்தாள்.

கூட்டம் கலைந்தது. தணிகாசலம் மூச்சு விட்டார். "பேஜாரு உட்டுச்சு" என்று சொல்லி, என் பக்கம் திரும்பாமலே போனார். நானும் அதிகாரியும் தனியாக நின்றோம். மூக்குக்கண்ணாடி, வகிடு எல்லாம் அப்படியே இருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று இப்போதும் புரியவில்லை.

போகிறவர்களுக்கு: அந்தப் படங்கள் இனி இருக்காது. ஊரைப் பார்க்க அரை நாள் போதும். சேலை எடுத்தால் கரை யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்துக்கு நடந்தே வாருங்கள்.

திங்கட்கிழமை அதிகாரி என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்தார். நான் சொன்னது அவர் காதுக்குப் போகவே இல்லை. நிம்மதிப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.