டிஸ்க்கில் விடுபட்ட பெயர்

எண்பதுகளின் கடைசியில், தவக்காலம் தொடங்கிய வாரத்தில் என் மனைவி ஸ்டெல்லாவை அடக்கம் செய்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டில் நானும் ஒரு கணினியும்தான். நோயில் இருந்தபோது, நான் வேலைக்குப் போன நேரங்களில் அவள் எனக்குக் கடிதங்கள் தட்டி ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்கில் வைத்திருந்தாள். "நான் போனப்புறம் படிங்க" என்றாள்.

படிக்கப் போட்டேன். டிஸ்க்கில் பழுது என்று காட்டிக் கணினி நின்றுவிட்டது. ஜெபித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்று வாரம், தினமும். 'ஆண்டவரே, அவளை எடுத்துக்கொண்டீர். அவள் எழுதியதையுமா?' என்று சண்டை போட்டேன். ஞாயிறு தமிழ்த் திருப்பலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குருவானவரின் இறுதி ஆசீருக்கு முன்பே நழுவிவிடுவேன். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எரிச்சல்தான் வரும்.

நான் ஒரு கல்லூரியில் ஸ்டோர்கீப்பர். அங்கே கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட கமலாவிடம் கடைசியில் வாய் திறந்தேன்.

"சும்மா சும்மா போடாதீங்க லா அண்ணே! ஒவ்வொரு தடவையும் டிரைவ் உரசி இன்னும் கெட்டுப்போகும்."

தூக்கிவாரிப் போட்டது. மிச்சமிருந்ததையும் நானே அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாணவர்கள் பிரித்துப் படிப்பதற்கென்றே மூலநிரலோடு வந்த இயங்குதளம் ஒன்று அவரிடம் இருந்தது. பழுதான இடத்தில் நின்றுவிடாமல், அங்கே வெற்றிடம் விட்டு அடுத்ததைப் படிக்கும்படி அதில் சில வரிகளை மாற்றினார். "ஒரே தடவைதான் போடுவேன். உங்க சாமிய கும்பிட்டுக்குங்க" என்றார். அன்று நான் ஆண்டவரிடம் எல்லாக் கடிதங்களையும் கேட்கவில்லை. கிடைப்பதைத் தாரும் என்றேன்.

ஓட்டை ஓட்டையாகப் பதினோரு கடிதங்கள் வந்தன. அங்கேயே அழுதேன். கடைசிக் கடிதத்தில், "பூசை முடிஞ்சதும் ஓடிடாதீங்க. தனியா சாப்பிடாதீங்க" என்று இருந்தது. அப்புறம் ஒரு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம். பிறகு, "கூடப் போய்ச் சாப்பிடுங்க. சொல்லி வச்சிருக்கேன்."

யாரிடம் சொன்னாள்? அடுத்த ஞாயிறு ஆசீர் முடியும்வரை நின்றேன். ஈசூனிலிருந்து வரும் ஆரோக்கியத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆமாண்ணே, என்கிட்டதான் சொன்னாங்க. வாங்க" என்று சிராங்கூன் ரோட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். மறுவாரம் அதே திருப்பலிக்கு வரும் மேரியக்காவைக் கேட்டேன். "என்கிட்டதான் சொன்னுச்சு" என்றார் அவரும். இதுவரை நான் கேட்ட ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

இயேசுவே, உமக்கு நன்றி. அந்தப் பெயர் கிடைத்திருந்தால் ஒரே வீட்டோடு நின்றிருப்பேன்.

அன்பானவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். வந்தது குறையாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வாருங்கள். யாராவது தனியாக இருந்தால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஸ்டெல்லா என்னிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.