சாலையைப் பார்த்த காற்றாலை

மேனாம்பேட்டைத் தாண்டி நாங்கள் வீடு கட்டியபோது எங்கள் தெருவுக்கு மின்கம்பம் வரவில்லை. பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த என் கணவர் அதற்காக வருத்தப்படவே இல்லை. லாரி டைனமோ ஒன்றில் டிரம் தகட்டை வெட்டி இறக்கைகள் பூட்டினார். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஏற்றி, காற்றாலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அதன் தலை காற்று வரும் பக்கம் திரும்ப வேண்டும். இந்த மேதையோ அதைப் பெரிய சாலையைப் பார்த்து அசையாமல் வெல்டிங் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "பஸ்ல போறவனுக்குத் தெரியவாணாமா?" என்றார். எங்களுக்குச் சாயங்காலக் காற்று கிழக்கிலிருந்து வரும். சாலை வடக்கே. பஸ்ஸில் போனவர்கள் சுற்றாத இறக்கைகளை நன்றாகவே பார்த்தார்கள்.

எனக்கோ வெளிச்சம் வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்னை யாராவது டீச்சர் என்று கூப்பிடுவார்கள். பல்பு எரிந்தது உண்மைதான். வாரம் ஒருமுறை அதற்கான பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், பாடியில் சார்ஜ் போட்டு வருவார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "எல்லாம் காத்துதான் மாமே" என்பார். வெட்கம் மருந்துக்கும் கிடையாது. இரண்டு நாளில் பல்பு மங்கிவிடும்.

கம்பம் கேட்டு மனு எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். "நம்மளுக்கு இன்னாத்துக்குப்பா போஸ்ட்டு? காத்து கீது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கம்பங்கள் வந்தன, எங்களுக்கு நான்கு வீடு முன்னால் நின்றுவிட்டன. அங்கே ஒரு வீட்டில் டியூப்லைட் போட்டு டியூஷன் ஆரம்பித்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். கடைசிப் பெண் மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "டீச்சர், இங்க எழுத்தே தெர்ல." அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் மொட்டை மாடியின் மேல்தான்.

மனை என் பெயரில் இருந்தது. அவரைக் கேட்காமல் நானே மனு எழுதிக் கொடுத்து, ஒரு வருடம் அலைந்தேன். கடைசியில் வந்த லைன்மேன் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாத்தே, இந்த பைப்பு ஸ்ட்ராங்கா கீது. ரெக்கையக் கழட்டிடு, இதுலயே ஒயரக் கட்டிக்கிறேன்."

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார் என் கணவர். "நா நட்ட பைப்புலதான் ஊட்டுக்கு கரண்ட்டு வந்துச்சு" என்று தெரு முழுக்கச் சொன்னார். பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

நான் டியூப்லைட்டைப் போட்டு, பாயை விரித்து, ஒரு வாரம் சாயங்காலங்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை.