ஸ்டோர் ரூம் வாசல்

இதை அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அதனால் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவும் எனக்குத் தைரியம் கிடையாது. நடந்தது இதுதான்.

நானும் என் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில் இருந்தவர்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். சொந்த வீடு கட்ட ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் ரூம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "டப்பாவுக்கெல்லாம் தனி ரூம். எனக்கு ஒரு மூலையாவது கிடைக்குமா?" என்று அவர் கிண்டல் செய்வார்.

மேல்தளம் போட்டாகிவிட்டது. பூச்சு வேலை ஆரம்பிக்கவில்லை. கதவு, ஜன்னல் எதுவும் மாட்டவில்லை. ஆபீஸ் முடிந்ததும் நான் நடந்தே போய், சுவர்களுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு வருவேன்.

அன்றும் போனேன். கொத்தனார் தன் ஆட்களோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இருட்டறதுக்குள்ள போயிடுங்கம்மா."

அவர் வண்டி தெருமுனை திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். எல்லா அறைகளுக்கும் தண்ணீர் அடித்தேன். கடைசியாக ஹோஸை இழுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனேன்.

சுவர் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன்… ஈரம்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னால் சத்தம்.

டக்… டக்… டக்…

கரண்டிக் காம்பால் செங்கல்லைத் தட்டி உட்கார வைக்கும் சத்தம். மாதக்கணக்காகக் கேட்டுப் பழகியது. கொத்தனார் எதையோ மறந்து திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பினேன்.

வாசல் இடுப்பு உயரத்துக்கு அடைபட்டிருந்தது.

கலவை ஈரமாகப் பளபளத்தது. கல் வைக்கிற கை தெரியவில்லை. ஆள் தெரியவில்லை. வரிசை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

கையிலிருந்த ஹோஸில் தண்ணீர் நின்றுபோனது.

ஓடிப் போய்த் தள்ளினேன். ஈரச் சுவர்… சரிய வேண்டும். சரியவில்லை. காலால் உதைத்தேன். நகத்தால் கலவையைப் பறித்தேன். பறிக்கப் பறிக்க, மேலே ஒரு வரிசை கூடியது.

டக்… டக்…

தலைக்கு மேல் ஒரு கல் அளவு வெளிச்சம்.

டக்.

அதுவும் போனது.

கத்தினேன். குரல் கம்மும்வரை கத்தினேன். என் குரல் என்னையே சுற்றி வந்தது.

எவ்வளவு நேரம் போனதோ… என் கணவர் குரல் கேட்டது.

"என்னம்மா… எங்க இருக்க?"

சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு கை தூரம்.

"இங்கதாங்க இருக்கேன்… இங்க…"

இரண்டு கையாலும் அடித்தேன். அவர் மெதுவாக ஏதோ பேசினார். யாரிடமோ கேட்பது போல. பிறகு ஓடும் காலடிச் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம்.

அதன் பிறகு எதுவும் இல்லை.

காலையில் கொத்தனார்தான் என்னை எழுப்பினார். ஸ்டோர் ரூம் வாசலில் குறுக்கே கிடந்தேனாம். வாசல் திறந்திருந்தது. ஒரு செங்கல்கூடக் கிடையாது.

"என்னம்மா இது… ராத்திரி பூரா இங்கயா இருந்தீங்க?"

என் நகங்களுக்குள் கலவை இறுகிக் காய்ந்திருந்தது.

ஊரெல்லாம் தேடிக் களைத்துப்போயிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எங்களிடம் இருந்ததெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போயிருந்தது. வேறு போக்கிடம் இல்லை. கட்டி முடித்தோம்.

கதவு மாட்டத் தச்சர் வந்த அன்றுதான் என் கணவர் வாய் திறந்தார். தச்சர் ஸ்டோர் ரூம் வாசலை அளந்துகொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு நான் வந்தப்ப ஒருத்தர் கல்லு வெச்சு முடிச்சு, சுவத்தத் துடைச்சுட்டு இருந்தார். முதுகுதான் தெரிஞ்சுது. நம்ம கொத்தனார்னு நினைச்சேன்."

"எந்தச் சுவத்த?"

தச்சர் நின்றுகொண்டிருந்த வாசலை அவர் கை காட்டினார்.



"உன்னப் பார்த்தீங்களான்னு கேட்டேன். அவர் திரும்பவே இல்ல. 'அம்மா வீட்டுலதான் இருக்காங்க சார்'னார். நான் வாடகை வீட்டச் சொல்றார்னு நினைச்சு… அங்க ஓடினேன்."