இருட்டுப் பக்கம் நின்ற சித்தப்பா

மாரண்டஹள்ளி போகும் பஸ்ஸில் ஒரு நாள், என் பழைய கேமராவைக் காதோடு ஒட்டி வைத்து, ஒரு செகண்ட் ஸ்பீடில் ஷட்டரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். உள்ளே பல்சக்கரம் 'கிர்ர்' என்று ஓடி 'டக்' என்று நிற்கும். ஓட்டம் இழுத்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து சீட்டில் காலிக் கூடையை மடியில் வைத்திருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிக்னல் கெடைக்கலீங்களா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்குவதைவிட அது கௌரவமாகப் பட்டது.

நான் பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. சோறு போடுவது டிஜிட்டல் கேமரா. தோளில் தொங்குவது, பேட்டரி இல்லாமலே ஓடும் ஜப்பான் ஃபிலிம் கேமரா. ஃபோகஸ், ஸ்பீடு, அப்பெர்ச்சர் எல்லாவற்றையும் கையால் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் நாமே செய்கிறோம் என்பது இதன் பெருமை. டிஜிட்டலில் படம் கெட்டால் கேமராவைத் திட்டலாம். இதில் திட்டுவதற்கு நம்மை விட்டால் ஆள் கிடையாது.

இப்போது இளவட்டங்கள் பலர் இந்த மாதிரி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் என்னிடம் யோசனை கேட்கவும் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. மேடை

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. கல்யாண ஆர்டர் பேச வந்தவர், "சார், கொஞ்சம் ஃபிலிம்லயும் எடுங்க. பிளாக் அண்ட் ஒயிட்ல" என்றார். நான் வற்புறுத்தாமல் ஒரு வாடிக்கையாளர் தானாகவே ஃபிலிம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிஜிட்டல் வேலை முழுவதையும் என் பார்ட்னர் பாஷாவிடம் தள்ளிவிட்டு, ஃபிலிம் கேமராவோடு மாரண்டஹள்ளி மண்டபத்துக்குப் போய் இறங்கினேன்.

பெண்ணின் அப்பா முனுசாமி. அவருக்கு ஒரு தம்பி, மாதையன். அண்ணன் தம்பிக்கு நிலம் பிரிந்தாலும் கிணறு ஒன்று. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த முறையில் தகராறு வந்து பேச்சு நின்று பல வருஷம். தாலி கட்டும்போதுகூட மண்டபத்தில் பாதிக் கண்கள் வாசல் பக்கம்தான் இருந்தன. மாதையன் வருவாரா, மாட்டாரா?

வந்தார். முகூர்த்தம் முடிந்து, கூட்டம் பந்திக்கு எழுந்த பிறகு வந்தார். நேராக மேடை ஏறினார். பெண் பவித்ரா "சித்தப்பா" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அவர் அவள் தலையைத் தொட்டு, "அழுவாத. வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு விருந்துக்கு வாங்க" என்றார்.

பொண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். பொண்ணுப் பக்கம் முனுசாமி, மாப்பிள்ளைப் பக்கம் மாதையன். முனுசாமி தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எடுங்க" என்றார். மாதையனும் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சீக்கிரம் எடுங்க" என்றார்.

எடுத்தேன். ஒரே ஒரு படம். அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுப்பதற்குள் மாதையன் இறங்கிப் போய்விட்டார். பாஷா முதல் பந்தியை எடுக்கப் போயிருந்தார். சொந்தக்காரர்களின் போன்களிலும் அந்தக் காட்சி இருந்தது. எல்லாவற்றிலும் என் முதுகு தெளிவாக விழுந்திருந்தது.

மறுநாள் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டதும் விஷயம் புரிந்தது. படத்தில் பாதி இருட்டு. பவித்ராவும் முனுசாமியும் பளிச்சென்று நிற்கிறார்கள். மாப்பிள்ளையும் மாதையனும் நின்ற இடத்தில் யாரோ இருக்கலாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

காரணம் சின்னது. என் கேமராவில் ஃபிளாஷ் போட்டால் ஸ்பீடு 60-க்கு மேல் போகக் கூடாது. மறதிக்காரர்களுக்காகவே டயலில் 60-ஐ மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். நான் வெளியே மேளக்காரர்களை வெளிச்சத்தில் எடுக்க 125 வைத்திருந்தேன். உள்ளே வந்து ஃபிளாஷைச் செருகினேன். டயலைத் திருப்பவில்லை.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று படத்தை அனுப்பினேன். "சார், செம மூட் சார்" என்று பதில் வந்தது. அதோடு விடாமல் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

சாயங்காலம் பவித்ராவிடமிருந்து போன். "அங்கிள், சித்தப்பா விருந்து கெடையாதுன்னுட்டாரு."

"ஏம்மா?"

"அப்பா சொல்லித்தான் நீங்க அவரை இருட்டடிச்சிட்டீங்களாம். அவரு மேடை ஏறுனதே நாங்க கெஞ்சுனதாலதான். இப்ப மறுபடியும் பழைய கதைக்கே போயிடும் அங்கிள். நீங்களே போய்ச் சொல்லுங்க."

2. விளக்கம் சொல்லப் போனது

மாதையன் வீட்டு வாசலில் பீன்ஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க. உக்காருங்க. இங்க வெளிச்சமா இருக்குது, பரவால்லீங்களா?" என்றார்.

நான் கேமராவைத் திறந்து காட்டினேன். "தப்பு என்னுதுங்க. இதுக்குள்ள ரெண்டு துணித் திரை இருக்குது. மொதல் திரை தொறக்கும், ரெண்டாவது பின்னாலயே வந்து மூடும். நான் வெச்ச ஸ்பீடுல, ஃபிளாஷ் அடிக்கறப்பவே ரெண்டாவது திரை பாதி மூடிடுச்சு."

"மாப்பிள்ளையும் இருட்டுலதான் நிக்கறாரு. அவரு இருட்டுல நின்னா ஃபேஷனு. நான் நின்னா?"

ஷட்டரை விட்டுவிட்டு அவருக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. உவமை சொல்லாவிட்டால் விளக்கம் முழுமையாகாது என்று தோன்றும். "இப்பிடி வெச்சுக்குங்க. வாய்க்கால்ல தண்ணி விடறோம். தண்ணி கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மேல மடையை அடைச்சிட்டா, கடைசிப் பாத்தி காஞ்சுதான கெடக்கும்? அந்தக் கடைசிப் பாத்திதான் நீங்க நின்ன எடம்."

மாதையன் மூட்டையைக் கட்டுவதை நிறுத்தினார். உள்ளே பார்த்து, "இந்தா, வா இங்க. போட்டோக்காரரு சொல்றதக் கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "இதையேதாங்க நானும் இத்தன வருசமா சொல்லிட்டிருக்கறன். அவரு மேல்கொல்லை, நான் கீழ்கொல்லை. என் மொறையில தண்ணி என் கொல்லைக்கு வந்து சேர்றதுக்குள்ள மடையை அடைச்சிடுவாரு. இப்ப போட்டோவுலயும் அதையே பண்ணிட்டாரு."

அவர்களுடைய சண்டையே அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உவமை மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அவர் மனைவி டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "கேமரா தானா பண்ணிச்சுன்னா, யாரு நின்னாலும் பண்ணணுமில்ல?" என்றார்.

மாதையன் அதைப் பிடித்துக்கொண்டார். "அதாங்க. நான் நின்ன பக்கம் எங்கண்ணன நிக்க வைங்க. அவரு பக்கம் நான் நிக்கறன். அதே கேமரா, அதே லைட்டு. அவரும் இருட்டுல விழுந்தாருன்னா நான் நம்பறன். ஞாயித்துக்கெழம கோழி அடிக்கறன்."

3. மோட்டார் ரூம்

முனுசாமியிடம் போய்ச் சொன்னேன். "ஏங்க, என்னை நானே இருட்டடிச்சுக்கறதுக்கு நான் வந்து நிக்கணுமா?" என்றார். பவித்ரா போனில் என்ன சொன்னாளோ, கடைசியில் இறங்கி வந்தார். "வர்றன். ஆனா அவன் வூட்டு வாசல மிதிக்க மாட்டன்."

மாதையனும் அண்ணன் வாசலுக்கு வர மாட்டார். இருவருக்கும் சரிபாதி உரிமையுள்ள இடம் கிணற்றடி மோட்டார் ரூம் ஒன்றுதான். எனக்கும் வசதி, வெளியே வெயிலில் எடுத்தால் ஃபிளாஷ் படாத பக்கமும் தெரிந்து தொலைக்கும். உள்ளே நல்ல இருட்டு.

நடுவில் பழைய மோட்டார். அதற்கு அந்தப் பக்கம் முனுசாமி, இந்தப் பக்கம் மாதையன். முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இருட்டுல விழறவருக்குத் துண்டு எதுக்கு?" என்று மாதையன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ ஒழுங்கா நில்லுடா" என்று முனுசாமி மோட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

இந்தக் கேமராவில் ஃபோகஸ் செய்ய, வியூஃபைண்டர் நடுவில் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதில் பிம்பம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒட்ட வைக்க வேண்டும். இதை வைத்து அண்ணன் தம்பியைப் பற்றி ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் கீழ்கொல்லையோடு உவமைகளை நான் நிறுத்திக்கொண்டேன். இருட்டில் இரண்டு முகத்திலும் ஒட்ட வைக்க ஒரு கோடு கிடைக்கவில்லை. மோட்டாரில் இருந்த பெயர்த் தகட்டின் ஓரம் மட்டும் பளபளத்தது. அதில் ஃபோகஸ் செய்தேன்.

டயலை 125-ல் வைத்து, இருவருக்கும் காட்டிவிட்டு அடித்தேன். பிறகு 60-க்குத் திருப்பி, "ஒண்ணு சரியாவும் எடுத்துக்கறன்" என்றேன்.

"அது எதுக்கு?" என்றார்கள் இருவரும். அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

4. சிவப்பு லைட்

நான் ஸ்டுடியோவில் வைத்து ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேன் என்று மாதையன் கூடவே வந்தார். மாதையன் வந்தால் தானும் வர வேண்டும் என்று முனுசாமி இன்னொரு வண்டியில் வந்தார்.

கழுவிய ஃபிலிமை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். எட்டிப் பார்த்த மாதையனின் முகம் மாறியது. "பாத்தீங்களா. மறுபடியும் நான்தான் கருப்பு."

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழுங்க. வெளிச்சம் பட்ட எடம்தான் கருப்பா தெரியும்."

"இது ஒரு புதுக் கதையா?"

முனுசாமி, "இரு, அவுரு முடிக்கட்டும்" என்றார். நேராகத் தம்பியிடம்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். உடனே என் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டார்க் ரூமில் மூன்று பேர் நிற்க இடமில்லை. நின்றோம். சிவப்பு லைட்டுக்கு அடியில், டெவலப்பர் தட்டில் கிடந்த வெள்ளைக் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். கேமரா ஒரு தடவை தப்புச் செய்தது என்பதற்காக, கேட்டபோது அதே தப்பைச் செய்யும் என்று என்ன உறுதி? என் வாழ்க்கையில் ஒரு படம் கெட்டுப்போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

முதலில் மாதையனின் தலைமுடி எழுந்தது. பிறகு மீசை, சட்டைப் பித்தான், மோட்டாரின் ஒரு பாதி. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. முனுசாமி இல்லை. அவருடைய துண்டின் ஓரம் மட்டும் சந்தேகமாகத் தெரிந்தது.

மாதையன் தட்டின் மேல் குனிந்து நிதானமாகப் பார்த்தார். "ஆமாங்க. அண்ணனக் காணோம்" என்றார்.

"தொலைஞ்சன்" என்றார் முனுசாமி.

மாதையன் சிரித்துவிட்டார். அந்தச் சின்ன அறையில் ஒருவர் சிரித்தால் மற்ற இரண்டு பேர் மேலும் இடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். பவித்ரா எனக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். அந்த அங்கிளை நான் பெரிதுபடுத்தவில்லை. மடைக்கும் ஒரு வழி செய்துகொண்டார்கள் என்று பாஷா கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

ஆக, புதிதாக வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இது. ஃபிளாஷை எடுத்துக் கையில் வைத்ததும், செருகுவதற்கு முன்னால், டயலைப் பாருங்கள். சிவப்பில் நிற்காவிட்டால் திருப்புங்கள். எனக்கு நடந்தது போல உங்களுக்கும் நல்லபடியாக முடியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனபோது இரண்டு வீட்டுக்கும் போனேன். முனுசாமி வீட்டுச் சுவரில் கல்யாணப் படம். அவர் வெளிச்சத்தில், தம்பி இருட்டில். மாதையன் வீட்டுச் சுவரில் மோட்டார் ரூம் படம். அவர் வெளிச்சத்தில், அண்ணன் இருட்டில். இரண்டும் நல்ல ஃபிரேம். 60-ல் எடுத்த மூன்றாவது படம், இரண்டு பேரும் ஒழுங்காகத் தெரியும் ஒரே படம், நானே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது, எங்கேயும் காணவில்லை.

மாதையனிடம் கேட்டேன்.

"அதுங்களா," என்றார். "பழைய மோட்டார எடுத்துட்டு, நாங்க ரெண்டு பேருமா சப்மெர்சிபிள் போட்டுட்டமுங்க. உங்க போட்டோவுல மோட்டாரு அவ்வளவு தெளிவு, தகட்டுல இருக்கற எழுத்துகூடப் படிக்க முடியுது. அத போன்ல புடிச்சு அனுப்பித்தான் ஏரியூர்க்காரர் ஒருத்தருக்கு வித்தம். நானும் அண்ணனும் நின்ன எடத்த மட்டும் வெட்டிட்டமுங்க."