முதலில் கேமரா

தாராவியில் கார்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்தும் பூமாரிக்கு, டாக்சிக்காரர் ராஜபாண்டியின் வண்டி மட்டும் பிடிகொடுக்கவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. ரிவர்ஸ் எடுக்கக் கேமராவைத்தான் நம்பியிருந்தார். ஆனால் சாவியைத் திருப்பிய பிறகு கம்ப்யூட்டர் விழித்துத் திரையில் படம் வர ஒரு நிமிடம் ஆனது.

“அதுக்குள்ள மத்த வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே உசிர எடுக்கான், தாயி,” என்றார்.

பூமாரி நான்கு இயங்குதளங்களைப் போட்டுப் பார்த்தாள். எல்லாமே மெதுவாகத்தான் எழுந்தன. கடைசியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு சின்ன வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, தேவையில்லாததை எல்லாம் நீக்கினாள்.

“பாட்டும் மேப்பும் பொறவு வரட்டும்ணே. மொதல்ல கேமராதான்.”

ராஜபாண்டி சாவியைத் திருப்பினார். ஆறே வினாடியில் பின்னாலிருந்த சந்து திரையில் தெரிந்தது.

“வந்துட்டுல்லா!” என்று சிரித்தவர், யாரையும் கைகாட்டச் சொல்லாமல் தானே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.