பாகல் பந்தலுக்கு அடித்த மருந்து

பெல்மதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செந்தளிர் விடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவில் எங்களுக்கும் ஒரு மரக்கறிப் பாத்தி இருந்தது. நாலு கத்தரி, கொஞ்சம் மிளகாய், ஒரு பாகல் பந்தல், ஓரமாக ஒரு கொய்யா. மலை முழுக்க துரையுடையது என்றால், அந்தப் பாத்தியில் பறக்கிறதும் ஊர்கிறதும் எனக்குச் சொந்தம் என்று ஒன்பது வயதில் முடிவு கட்டியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வருஷம் பந்தல் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. காய்ந்த புல்லும் சிலந்தி நூலும் சேர்ந்து, கிழிந்த காலுறை தொங்குவது போல ஒரு கூடு. உள்ளே இரண்டு குஞ்சு. தாய் எத்தனை தரம் புழு கொண்டுவருகிறது என்று எண்ணப் போய், அடுப்பில் இருந்த சோற்றைக் கருகவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். காலையில் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போவார். புல்லுக்கு ஒரு மருந்து, ரப்பர் நாற்றில் விழும் பூச்சிக்கு ஒரு மருந்து. கலக்குகிற குச்சி எப்போதும் தொலைந்துதான் போயிருக்கும். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பீப்பாய்க்குள் முழங்கை வரை விட்டே கலக்குவார். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. மிஞ்சின பூச்சி மருந்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து, மூடியில் ஓட்டை போட்டுக் கூரை இடுக்கில் வைத்திருப்பார். மூட்டைப்பூச்சி, கரப்பான், எல்லாவற்றுக்கும் லயத்தில் அதுதான்.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிற நேரத்தில் பந்தலுக்குத் திமியா ஏறியது. அந்தச் சிவப்பெறும்பைச் சிங்களப் பெயர் சொல்லித்தான் நாங்கள் திட்டுவோம். கொய்யா மரத்திலிருந்து கம்பி வழியாக வரிசை கட்டிக்கொண்டு கூட்டுக்கே வந்தது. வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அழுதுகொண்டு ஓடினேன்.

“அப்பா, குஞ்சைத் திமியா தின்னுரும்ப்பா! ஏதாச்சும் செய்யுங்க!”

“இதுக்கா அழுவுற? அப்பா இருக்கேன்ல.”

சாம்பல் தூவியிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியைக் கம்பியில் சுற்றியிருக்கலாம். மருந்தடிக்கிற மனிதருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போத்தலை எடுத்துவந்தார். குஞ்சுகள் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாதென்று கூட்டை இடது கையால் பொத்திக்கொண்டு, வலது கையால் பந்தல் முழுக்கப் பீச்சினார். எறும்பெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. நான் கைதட்டினேன்.

எறும்போடு பச்சைப் புழுக்களும் மயங்கித் தொங்கின. தாய்க்கு அலைச்சல் மிச்சம். விடிந்ததிலிருந்து அதையே பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது குஞ்சுகள் இரண்டும் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. தாய் அலகில் ஒரு புழுவோடு கூட்டு வாசலுக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாம் நாள் அதையும் காணவில்லை.

குஞ்சுகள் செத்த அன்று மாலை அப்பா சோறு பிசைந்து ஊட்ட வந்தார். “விஷக் கை! எனக்கு வேணாம்” என்று தட்டிவிட்டேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள்.

“விடு புள்ள. நான் கழுவிட்டு வாரேன்.”

தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறமும் பல நாள், வேலையிலிருந்து வந்ததும் கழுவின கையை என் முன்னால் நீட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு.

இரண்டு வருஷத்தில் அப்பாவின் கால்கள் வீங்கின. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். மருந்து கலக்கும்போது கையுறை போடுவதுண்டா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அப்பா வெட்கத்தோடு சிரித்தார். காலில் வீக்கம் இருக்கக் கையை எதற்கு விசாரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த மாசிக்கு அப்பா இல்லை. பூச்சி மருந்தால்தான் என்று யாரும் எழுதித் தரவில்லை. இனி யார் எழுதித் தந்து என்ன?

குஞ்சுகளைக் கொய்யா மரத்தடியில் புதைத்தபோது, புழுவில் ஏறின விஷம்தான் குஞ்சுக்குப் போனது என்று லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். ஒன்பது வயதில் அவ்வளவு தெரிந்திருந்தது. கூட்டைப் பொத்தியிருந்த அந்தக் கையிலும் அதே மருந்துதான் வழிந்தது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.